மெழுகுவர்த்தி அணைந்த பிறகு ஏன் தண்ணீர் ஏறுகிறது?

வாசகி ஒருவரின் கேள்வி, ஜூன் 19

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை நேற்று செய்து காட்டினேன். ஆக்ஸிஜன் எரிந்து போய்விடுகிறது, காலியான இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்று சொன்னேன். கிட்டத்தட்ட அப்படியே ஏறியது. கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகு கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், தீ அணைஞ்சதுக்கு அப்புறம்தானே தண்ணி ஏறுச்சு?" என்றான். அப்புறம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். என்ன சொல்வது?

ஜூன் 19, இரவு

பையன் சொன்னது சரி.

மறுபடி செய்யுங்கள். இந்த முறை எவ்வளவு ஏறுகிறது என்பதை விட்டுவிட்டு எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். தீ எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் மட்டம் பெரும்பாலும் சும்மா இருக்கும். சில சமயம் விளிம்பு வழியாகக் குமிழ்கூட வெளியே வரும். தீ மங்கும், அணையும், அப்புறம்தான் கிடுகிடுவென்று ஏறும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதுதான் காரணம் என்றால் எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏறியிருக்க வேண்டும்? தீ அணைந்த நொடியில் மாறுவது வெப்பம். உள்ளே இருந்த சூடான காற்று ஆறிச் சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

அந்தப் பையனை முன் பெஞ்சுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். கடைசி பெஞ்சிலிருந்துதான் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 20

"வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்கணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். ஒரே டம்ளர், ஒரே தட்டு. முதலில் ஒரு மெழுகுவர்த்தி. அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. டம்ளருக்குள் இருக்கும் ஆக்ஸிஜன் கூடவில்லை. ஆனால் தண்ணீர் ஒவ்வொரு முறையும் முன்னைவிட உயரமாக ஏறும். மூன்றுக்கு ஏறுகிற அளவைப் பார்த்தால், பழைய விளக்கப்படி நம் ஊர்க் காற்றில் பாதி ஆக்ஸிஜன் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே மெழுகுவர்த்திதான், ஆனால் டம்ளரைச் சட்டென்று கவிழ்க்காமல் தீக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு இறக்குங்கள். கூடுதலாக ஏறும். காற்று முன்னாலேயே சூடேறி, விரிந்து, ஒரு பகுதி வெளியே போய்விட்டது. ஆறும்போது அந்த இடம்தான் நிரம்புகிறது.

ஜூன் 20, மாலை

கணக்கும் கேட்கிறார்கள். போடுகிறேன், பயப்படாதீர்கள்.

மெழுகு என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. கணக்குக்கு 25 கார்பன், 52 ஹைட்ரஜன் உள்ள மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக எரிய 38 ஆக்ஸிஜன் மூலக்கூறு வேண்டும். பதிலுக்கு 25 கார்பன் டை ஆக்ஸைடும் 26 நீராவியும் வருகின்றன. நீராவி டம்ளரின் உள்சுவரில் பனிபோலப் படிந்துவிடும் (பார்த்திருப்பீர்கள்), அதை விடுவோம். 38 போய் 25 வந்திருக்கிறது. அப்படியென்றால் செலவான ஆக்ஸிஜனின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் குறைகிறது.

இதோடு முடியவில்லை. மெழுகுவர்த்தி ஆக்ஸிஜனைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சாவதில்லை. 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16க்கு இறங்கினாலே அணைந்துவிடும். செலவானது ஐந்து சதவீதம், அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. டம்ளரின் கொள்ளளவில் ஆக்ஸிஜன் குறைந்ததால் ஏறும் தண்ணீர் அவ்வளவுதான்.

வெப்பத்தின் பக்கம் வாருங்கள். டம்ளருக்குள் காற்று சராசரியாக 100 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்கு ஆறியது என்று வைத்துக்கொண்டால், கெல்வினில் 373இலிருந்து 303. சுருக்கம் 19 சதவீதம்! ஐந்தில் ஒரு பங்கு! இந்தப் பொய் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். தப்பான காரணம், ஆனால் டம்ளரின் அளவும் திரியின் அளவும் தோதாக அமைந்துவிட்டால் சரியான எண் வந்துவிடுகிறது. எண் அழகாக வந்தவுடன் யாரும் மேலே தோண்டுவதில்லை.

ஜூன் 21

"கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்துவிடுமே, அப்போது முழு ஐந்து சதவீதமும் குறையுமே?" கரையும். ஆனால் அந்தச் சில விநாடிகளுக்குள் அவ்வளவு கரையாது. டம்ளரை அப்படியே மதியம் வரை விட்டுவைத்தால் கொஞ்சம் கூடுதலாக ஏறலாம். தட்டில் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றிச் செய்தால் பால்போலக் கலங்குவதையும் பார்க்கலாம். அது வேறு பாடம், அதையும் நடத்திக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தி சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகளுக்காக ஒரு தொடர் சொற்பொழிவே மெழுகுவர்த்தியை மட்டும் வைத்து நடத்தினார்.

ஜூன் 24

கேள்வி கேட்ட ஆசிரியை மறுபடி வந்திருக்கிறார். மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்தாராம், வகுப்பு கூச்சலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தாராம். "சரி சார், ஐந்தில் ஒரு பங்கு என்று காட்ட வேறு சோதனையே இல்லையா?" என்கிறார்.

உண்டு. தீயே இல்லாத சோதனை. இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜன் வேண்டும். துரு திடப்பொருள், பதிலுக்கு வாயு எதையும் வெளியே விடாது. மெதுவாக நடப்பதால் கடைசியில் காற்று அறை வெப்பத்துக்கே வந்திருக்கும், வெப்பத்தின் தொந்தரவு இல்லை. சோதனைக்குழாயின் அடியில் ஈரமான இரும்பு நாரை அடைத்து, குழாயைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி, ஓரிரு நாள் விடுங்கள். தண்ணீர் ஏறி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும். அப்புறம் எத்தனை நாள் காத்திருந்தாலும் மேலே போகாது. அந்த நிற்பதுதான் பாடம். கடைசியில் குழாயின் வாயை விரலால் மூடி எடுத்து நிமிர்த்தி, கனலும் ஊதுபத்தியை உள்ளே விட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை: கடையில் பாத்திரம் தேய்க்க விற்கிற பளபள நார் துருப்பிடிக்காத எஃகு. வருஷக்கணக்கில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. லேத் பட்டறையில் கீழே கிடக்கும் இரும்புச் சீவலை ஒரு பொட்டலம் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். சீவல் கையைக் கிழிக்கும், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஜூன் 29

"இப்படி ஒவ்வொரு சோதனையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் போர்ஷன் எப்போது முடிப்பது?" என்று ஒரு மூத்த ஆசிரியர். கோபம் புரிகிறது. ஆனால் ஐயா, தப்பாகக் காட்டுவதற்கும் அதே பீரியட்தான் ஆகிறது.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில் பாடப்புத்தகத்தில் விடையே இருக்காது. பிள்ளைகள் செய்து பார்த்துத் தாங்களே எழுத வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதலாம். சாதாரண அரசுப் பள்ளிகளில் நடந்தது அது. 2002இல் அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், நிறுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போர்ஷன் கவலைக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

ஜூன் 30

மெழுகுவர்த்திக்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான். ஓட்டை பாட்டில்.

பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என மூன்று ஓட்டை. தண்ணீர் நிரப்பினால் கீழ் ஓட்டையிலிருந்து வரும் நீர்தான் அதிக தூரம் பாயும், ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்பதற்கு அதுவே சான்று. இந்தப் படத்தைப் பார்க்காமல் பள்ளியைத் தாண்டியவர் யாரும் இல்லை. வரைந்தவர்களில் எத்தனை பேர் பாட்டிலை மேசைமேல் வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

கீழ் ஓட்டையில் வேகம் அதிகம், உண்மை. ஆனால் அது தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விழுவதற்கு நேரமே இல்லை. மேல் ஓட்டைக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. இரண்டும் சேர்ந்து கணக்குப் போட்டால், நீர்மட்டம் 30 செ.மீ. என்றும், மேலிருந்து 7.5, 15, 22.5 செ.மீ. ஆழத்தில் ஓட்டைகள் என்றும் வைத்துக்கொண்டால், மேசைமேல் விழும் தூரம் முறையே 26, 30, 26 செ.மீ. நடு ஓட்டைதான் ஜெயிக்கும். மேலதும் கீழதும் ஒரே இடத்தில் விழும்! உரசலால் நேரில் எல்லாமே கொஞ்சம் குறையும், வரிசை மாறாது.

அதே பாட்டிலை 30 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் 40, 52, 58. இப்போது கீழ் ஓட்டை முதலிடம். புத்தகப் படம் சரியாக வர வேண்டுமானால் பாட்டிலுக்குக் கீழே செங்கல் வரைய வேண்டும்.

செய்முறை: சூடேற்றிய ஆணியால் ஓட்டை போடுங்கள், மூன்றும் ஒரே அளவு. நேர்க்கோட்டில் போட்டால் மேல் நீர் கீழ் நீரில் இடித்துக்கொள்ளும், சற்றே பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள். மூன்றையும் ஒரே டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரே இழுப்பில் உரியுங்கள். ஒரு பிள்ளை மேலே மக்கில் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும்.

ஜூலை 2

இதில் என்னை உலுக்கிய விஷயத்தை எழுத மறந்துவிட்டேன்.

பாட்டிலை மேசைமேல் வைத்துச் செய்து, நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரம் போகிறது என்று எல்லாரும் பார்த்தார்கள். சுண்ணாம்புக் கட்டியால் கோடுகூடப் போட்டோம். அடுத்த வாரம் படம் வரையச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் கீழ் ஓட்டைத் தண்ணீரைத்தான் தூரமாக வரைந்திருந்தார்கள். "நீங்கதானே பார்த்தீங்க?" என்றால், "ஆமா சார், இப்பிடித்தான் வந்துச்சு" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் நினைவில் அப்படித்தான் வந்திருக்கிறது.

என் வகுப்புதான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் அவர் குழுவினரும் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 2013இல் வந்த ஆய்வுப்படி, சோதனையைக் கண்ணால் பார்த்த மாணவர்கள் "இதுதான் நடந்தது" என்று சொன்னவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உண்மையில் நடந்ததற்கு மாறானது. (இங்கேயும் ஐந்தில் ஒன்று!) அதற்கு முன் 2004இல் வந்த ஆய்வு இன்னும் காரம்: சோதனையை வெறுமனே பார்த்தவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடக் காரணத்தை நன்றாகப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதியவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. அதற்கு ஆன கூடுதல் நேரம் சில நிமிடங்கள்தான்.

ஹார்வர்டு மாணவர்களுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவை நான் ஏன் திட்ட வேண்டும்?

ஜூலை 3

ஊகிக்கச் சொல்வது எப்படி என்று கேட்கிறார்கள். "கையைத் தூக்கு" என்றால் உருப்படாது. முதல் ரேங்க் பிள்ளையின் கை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற கைகள் எழும்பும். நான் செய்வது: கண்ணை மூடு, விடை ஒன்று என்றால் ஒரு விரல், இரண்டு என்றால் இரண்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடி. எண்ணிக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். "மேல் ஓட்டை 2, நடு 5, கீழ் 31". பேர் எழுத மாட்டேன். எண்ணிக்கை எழுதியவுடன் வகுப்பில் ஒரு சூடு வரும் பாருங்கள், கிரிக்கெட் மேட்சில் கடைசி ஓவர் மாதிரி. இப்போது டேப்பை உரியலாம்.

ஊகித்தது தப்பானவர்களைக் கேலி செய்ய விடாதீர்கள். ஒரே ஒரு தடவை கேலி நடந்தால் போதும், மறுநாளிலிருந்து எல்லாரும் "தெரியல சார்".

ஜூலை 11

குதிரை பற்றி ஒரு கேள்வி வந்தது. மாக்டெபர்க் அரைக்கோளங்கள் கதை எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் கெரிக்கே இரண்டு செம்பு அரைக்கிண்ணங்களைச் சேர்த்து வைத்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். 1657இல் மாக்டெபர்க்கில் ஒரு பக்கம் எட்டுக் குதிரை, மறுபக்கம் எட்டுக் குதிரை பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. கேள்வி: "பதினாறு குதிரையின் பலத்தைக் காற்று தாங்கியதா?"

இல்லை. எட்டுக் குதிரையின் பலத்தைத்தான். ஒரு பக்கத்துக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றைப் புளியமரத்தில் கட்டியிருந்தாலும் இழுவை அதேதான். கெரிக்கே அந்தக் காலத்து மேயர், கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர். எட்டுக் குதிரையும் ஒரு மரமும் என்றால் யார் பார்க்க வருவார்கள்?

அரை மீட்டர் விட்டம் என்றால் ஒவ்வொரு பக்கமும் காற்று அழுத்துவது ஏறக்குறைய இரண்டு டன் எடைக்குச் சமம்.

வகுப்பில் குதிரை வேண்டாம், வில் தராசு போதும். தராசின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் தொங்கவிட்டால் ஒரு கிலோ காட்டும். இப்போது தராசைப் படுக்கவைத்து, இரு முனையிலும் கயிறு கட்டி, மேசையின் இரு விளிம்பிலும் துணி காயப்போடும் கப்பி வைத்து, பக்கத்துக்கு ஒரு பாட்டில். எவ்வளவு காட்டும்? விரல் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கிலோ என்பவர்கள் ஒரு கூட்டம், பூஜ்யம் என்பவர்கள் ஒரு கூட்டம். ஒரு கிலோ என்பவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளே இரண்டு கிலோ என்பார்கள். ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இதைக் கேட்டுப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 20

காகிதப் பட்டை. உதட்டுக்குக் கீழே பிடித்து மேற்புறம் ஊதினால் தொங்கும் காகிதம் மேலே எழும். "வேகமாகப் போகும் காற்றில் அழுத்தம் குறைவு, பெர்னூலி" என்று முடித்துவிடுவோம். விமானம் பறப்பதும் இதனால்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வோம்.

சரி, அதே காகிதத்தை நேராக, செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு பக்கம் மட்டும் கீழ்நோக்கி ஊதுங்கள். விளக்கம் சரியென்றால் காகிதம் ஊதும் பக்கம் ஓடி வர வேண்டும். வராது. லேசாகப் படபடக்கும், அவ்வளவுதான். வாயிலிருந்து வந்து திறந்த வெளியில் போகும் காற்றின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்தான். வேகம் மட்டும் அதைக் குறைத்துவிடாது.

முதல் சோதனையில் காகிதம் வளைந்திருந்தது. காற்று அந்த வளைவை ஒட்டிக் கீழே திரும்புகிறது. காற்றைக் கீழே வளைக்க வேண்டுமானால் வளைவை ஒட்டி அழுத்தம் குறைந்தாக வேண்டும், அதனால் காகிதம் மேலே போகிறது. விமான இறக்கையும் காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. "மேற்புறக் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர ஓடுகிறது" என்பது சுத்தக் கற்பனை. அவை அப்படிச் சேர்வதில்லை. விமானச் சாகசத்தில் தலைகீழாகவும் பறக்கிறார்களே, அப்போது பெர்னூலி என்ன லீவில் போய்விட்டாரா?

ஜூலை 21

கடைசி வரி கொஞ்சம் ஓவர். பெர்னூலி மேல் தப்பில்லை. குழாயில் குறுகிய இடத்தில் நீர் வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைவது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த விதியைச் சம்பந்தமில்லாத காகிதத்தின் தலையில் கட்டியதுதான் பிரச்சினை.

ஜூலை 22

ஒரு வாசகி எழுதியிருப்பது: "உங்கள் குறிப்புகளைப் படித்தபின் வகுப்பில் எதையும் செய்து காட்டவே பயமாக இருக்கிறது. பிள்ளைகள் ஆச்சரியப்படுவதாவது மிஞ்சட்டுமே."

இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை, உண்மையில் படித்தவுடனேயே சுருக்கென்றது. ஆச்சரியத்துக்கு நான் எதிரி இல்லை. மேஜிக் காட்டுகிறவர் கைதட்டலோடு போய்விடலாம், வாத்தியார் மறுநாளும் அதே வகுப்புக்கு வர வேண்டும். அதனால் ஒன்று சொல்கிறேன். விளக்கம் நிச்சயமில்லை என்றால் விளக்காதீர்கள். செய்யுங்கள், ஊகிக்கச் சொல்லுங்கள், நடந்ததை எழுதச் சொல்லுங்கள், "ஏன் என்று யோசிப்போம்" என்று மணியடிக்க விடுங்கள். மெழுகுவர்த்தியில் கேடு செய்தது சோதனை இல்லை, அதோடு ஒட்டி வந்த அந்த ஒரு வரி.

ஆகஸ்ட் 4

அந்த வாசகிக்குப் பரிகாரமாக, எந்தக் குழப்பமும் இல்லாமல் ஆச்சரியம் தரும் ஒன்று. டார்ச் பேட்டரி மோட்டார். அரவிந்த் குப்தா நாடு முழுக்கப் பரப்பிய பொம்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. டாட்டா மோட்டார்ஸ் வேலையிலிருந்து 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மேலே சொன்ன ஹோஷங்காபாத் திட்டத்துக்குப் போனவர் அவர். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து வடிவங்கள் செய்தது அங்கேதான்.

பெரிய பேட்டரி ஒன்று. இரண்டு ஊக்கு, பேட்டரியின் இரு முனையிலும் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியது. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தம், பேட்டரிமேல் வையுங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பேட்டரியைச் சுற்றியே பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றி, இரு முனையையும் நேர் எதிராக நீட்டி ஊக்கின் துளைகளில் நுழையுங்கள்.

உயிர்நாடி இங்கே: ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் பாதிச் சுற்றளவு மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றுவிடும். ஏனென்றால் முதல் அரைச்சுற்றில் எந்தப் பக்கம் தள்ளியதோ, அடுத்த அரைச்சுற்றில் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளும். பாதி எனாமல் அந்த அடுத்த அரைச்சுற்றில் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது, சுருள் தன் வேகத்திலேயே சுற்றி வந்து மறுபடி தள்ளு வாங்குகிறது.

நான் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பாதிப் பிள்ளைகளை முழுக்கச் சுரண்டச் சொல்வேன், பாதிப் பேரைப் பாதி. ஒரு பெஞ்சில் ஓடும், பக்கத்து பெஞ்சில் ஓடாது. "சார், அவன் பேட்டரி புதுசு!" என்பார்கள். பேட்டரியை மாற்றுவார்கள். காந்தத்தை மாற்றுவார்கள். கடைசியில் சுருளை மாற்றுவார்கள், அப்போதுதான் அமைதி வரும். அந்த வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு நான் எந்த வகுப்பும் எடுத்ததில்லை. ஓடாத மோட்டார் எடுத்துவிட்டது.

ஓடவில்லையென்றால் விரலால் ஒரு தட்டு. பேட்டரி சீக்கிரம் சூடாகும், சும்மா விட்டுவைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 10

பனிக்கட்டி. செலவு: டீக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஒரு மரப்பலகை, ஒரு உலோகத் தட்டு, இரண்டும் காலையிலிருந்து வகுப்பறையில் கிடக்கட்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். "தட்டு ஜில்லுனு இருக்கு, பலகை அப்படி இல்ல." சரி, ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டின்மேலும் வைத்தால் எது முதலில் உருகும்? விரல் காட்டு. கிட்டத்தட்ட வகுப்பு முழுக்கப் பலகை என்று சொல்லும். ஜில்லென்று இருக்கும் தட்டில் ஐஸ் பத்திரமாக இருக்குமாம்.

தட்டில்தான் மளமளவென்று உருகும். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருந்தன. உலோகம் நம் கையிலிருந்து வெப்பத்தை வேகமாக வாங்கியதால் ஜில்லென்று தெரிந்தது. அதே வேகத்தில் ஐஸுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. தொடர்ச்சியாக: ஒரு ஐஸைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள், ஒன்றை வெறுமனே. கம்பளி "சூடு கொடுக்கும்", அதனால் சீக்கிரம் உருகும் என்பார்கள். ஐஸ் கட்டியை மரத்தூள் போட்டு மூடி வைப்பதைப் பார்த்த மீன்காரர் வீட்டுப் பிள்ளை மட்டும் எதிராக விரல் காட்டும். எங்கள் வகுப்பில் அப்படி ஒருத்தி உண்டு. அறிவியலில் மார்க் குறைவு. அன்றைக்கு அவள்தான் வகுப்புக்கு விளக்கினாள்.

ஆகஸ்ட் 16

தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனால் நாள் நெருங்குகிறது. நிழலில்லா நாள். சென்னையில் இந்த வாரக் கடைசியில், ஆகஸ்ட் 18 வாக்கில். மதுரையில் இன்னும் ஒன்பது பத்து நாள் கழித்து. வருஷத்துக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும் (சென்னைக்கு இன்னொன்று ஏப்ரல் 24 வாக்கில்). கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் ஒருநாளும் கிடையாது.

தேவை ஒரு தூக்குப்பார்த்து நிறுத்திய குச்சி. நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே. சென்னையில் 12.13 வாக்கில், மதுரையில் 12.20க்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே. "நடுப்பகல் எத்தனை மணிக்கு?" என்று முந்தின நாளே ஊகிக்கச் சொல்லி, மறுநாள் பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு மணி இடையில் வரும், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நிழலை மட்டும். மேகம் வந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 19

பனிக்கட்டி செய்து பார்த்த ஒருவர்: "எவர்சில்வர் தட்டில் வைத்தேன். முதலில் வேகமாக உருகியது, அப்புறம் பலகையோடு ஏறக்குறைய சமமாகிவிட்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்."

எவர்சில்வர் நம் பாத்திர உலோகங்களிலேயே வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. அலுமினியம் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். அதோடு சாப்பாட்டுத் தட்டு மெல்லிசு, ஐஸுக்கு அடியில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் தானே குளிர்ந்துபோகும், சுற்றிலும் இருந்து வந்து சேர நேரமாகும். கனமான அலுமினியம் வேண்டும். சத்துணவுக்கூடத்தில் சோற்று அண்டாவின் மூடியைக் கேளுங்கள். சமையல் நேரம் முடிந்து அது முழுக்க ஆறிய பிறகு கேளுங்கள், இல்லாவிட்டால் சோதனை வேறு மாதிரி முடியும்.

அப்புறம், சிரித்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். எவர்சில்வர், அலுமினியம், பலகை மூன்றையும் வரிசையாக வைத்து மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். மூடியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளிச் சமையலம்மா ஒருமுறை கேட்டார்: "சார், அறிவியலுக்கு மூடி மட்டும்தானா, கரண்டி ஏதும் வேணாமா?" வேண்டும்தான். வெந்நீரில் அலுமினியக் கரண்டி, மரக்கரண்டி, எவர்சில்வர் கரண்டி மூன்றையும் நிறுத்தி, காம்பில் வெண்ணெய் தடவி, பட்டாணி ஒட்டவைத்தால் எது முதலில் விழும்? விடையை நான் எழுதவில்லை. செய்துவிட்டு எண்ணிக்கையோடு வாருங்கள்.